ஹாட் ராட் காரில் சீட்டும் ஸ்டீயரிங்கும்: இடுப்பு முதலில், வீல் கடைசியில்

1932 ஃபோர்டை ஹாட் ராடாக, அதாவது பழைய காரைத் தாழ்த்தி வேகத்துக்காக மாற்றிக் கட்டும் காராக, கட்டுகிறவர்கள் எந்த எஞ்சின், எந்த ஆக்சில், எந்த கேஜ் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஓட்டுகிற ஆள் எங்கே உட்காருவது என்பதை மட்டும் பாடி பெயின்டுக்குப் போய் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பார்கள். அதற்குள் சீட்டைத் தாங்கும் மேடையான சீட் ரைசரை வெல்டு செய்திருப்பார்கள், டேஷ்போர்டில் துளை விழுந்திருக்கும், ஸ்டீயரிங் பாக்ஸ் (வீலின் திருப்பத்தை முன்சக்கரங்களுக்குக் கடத்தும் பெட்டி) சேசிஸில் ஏறியிருக்கும். மிஞ்சிய இடத்தில் ஆளை மடக்கித் திணிப்பதுதான் பாக்கி. கிளட்சை மிதிக்கும்போது முழங்கால் ஸ்டீயரிங் வீலில் இடிப்பதும், அரை மணி நேர ஓட்டத்தில் தோள்பட்டை கடுப்பதும் இப்படித்தான் வருகின்றன.

சரியான வரிசை இது: பெடலிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து தோள், தோளிலிருந்து கை, கை போய் நிற்கும் இடத்தில் வீல். வீலுக்கும் ஸ்டீயரிங் பாக்ஸுக்கும் நடுவே எப்படி ஸ்டீயரிங் தண்டைக் கொண்டுபோவது என்பது எல்லாவற்றுக்கும் பிறகு. இங்கே எடுத்துக்கொண்டிருப்பவை அமெரிக்காவின் 1928–31 மாடல் ஏ, 1932 மாடல் ஃபோர்டு கார்கள். அதாவது இடதுபக்க ஸ்டீயரிங். பாகங்கள் எல்லாம் அங்குலக் கணக்கில்தான் கிடைக்கின்றன, எனவே அளவுகளும் அங்குலத்திலேயே.

இந்தக் கார்களில் ஏன் இவ்வளவு சிக்கல்

மாடல் ஏ காரின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களின் இடைவெளி) 103.5 அங்குலம், 1932 காருக்கு 106 அங்குலம். பாடி ஒடுக்கம். ஃபோர்டு அந்த ஒடுக்கத்தை உயரத்தால் ஈடுகட்டியது: நாற்காலியில் உட்காருவதுபோல நிமிர்ந்த சீட், காலுக்கு நேர் கீழே பெடல், ஏறத்தாழ 17 அங்குல விட்டமுள்ள பெரிய வீல். ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தவரை அந்த அமைப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஹாட் ராடாக மாற்றும்போது செய்கிற ஒவ்வொரு வேலையும் இந்த உயரத்தைத்தான் தின்கிறது. பாடியைச் சேசிஸின் மேல் வைக்காமல் சேசிஸைச் சுற்றி இறக்கும் சேனலிங் வேலையில், தரை 4 முதல் 6 அங்குலம் வரை மேலே ஏறும். கூரையை வெட்டித் தாழ்த்தினால் தலைக்கு மேல் இன்னும் 2, 3 அங்குலம் போகும். நீளமான எஞ்சினுக்காக ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டை) உள்ளே குழித்தால் கால் நீட்டும் இடத்திலும் கை வைத்தாயிற்று. இவை மூன்றையும் ஒரே காரில் செய்துவிட்டு, சீட்டை மட்டும் பழைய இடத்தில் வைக்க நினைப்பது நடக்காத காரியம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். 5 அடி 9 அங்குல உயரமுள்ள ஒருவருக்கு இடுப்பு மூட்டிலிருந்து முழங்கால் வரை ஏறத்தாழ 17 அங்குலம், முழங்காலிலிருந்து கணுக்கால் வரை 16.5 அங்குலம் என்று வைப்போம். இடுப்பு தரையிலிருந்து 13 அங்குல உயரத்தில் இருந்து, முழங்கால் 105 டிகிரி மடங்கியிருந்தால், இடுப்புக்கும் கணுக்காலுக்கும் கிடைமட்டத்தில் 25 அங்குலம் போதும். சேனல் செய்த காரில் அதே இடுப்பு 8 அங்குலத்துக்கு இறங்குகிறது. இப்போதும் 105 டிகிரியிலேயே காலை மடக்கி வைத்தால் முழங்கால் வீலுக்குள் போய் முட்டும். காலை 130 டிகிரிக்கு விரித்தால் முழங்கால் 3 அங்குலம் கீழே இறங்கிவிடும். ஆனால் கிடைமட்டத்தில் 30 அங்குலம் வேண்டும். ஆக, சீட்டை 5 அங்குலம் இறக்கினால் ஏறத்தாழ அதே 5 அங்குலத்தை நீளத்தில் தேட வேண்டும். ஃபயர்வாலைக் குழிக்கும் முன் இந்த ஒரு கணக்கைப் போட்டுவிடுங்கள்.

எதைத் தொடும் முன் எது முடிந்திருக்க வேண்டும்

பாடி சேசிஸில் அதன் கடைசி உயரத்தில், போல்ட் போட்டு நிற்க வேண்டும். கார் தன் டயர்களில், ஓடும்போது நிற்கும் சாய்வில் நிற்க வேண்டும். முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் தூக்கிய நிலை ஹாட் ராடுக்கே உரியது, அந்த 2, 3 டிகிரி சாய்வு சீட்டின் கோணத்தில் அப்படியே சேரும். காரை ஸ்டாண்டில் மட்டமாக வைத்துக்கொண்டு சீட் கோணம் பார்த்தவர்கள், கார் தரைக்கு வந்ததும் சீட்டிலிருந்து முன்னால் வழுக்குவதைப் பார்ப்பார்கள்.

எஞ்சின், கியர்பாக்ஸ், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அல்லது ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) இடத்தில் இருக்க வேண்டும். வெறும் பிளாக் போதும், ஆனால் ஹெடர் கட்டாயம். கியர்பாக்ஸ் டனலும் தரைத் தகடும் முடிந்திருக்க வேண்டும். கியர் லீவர் எந்தத் துளையில் வருகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். பெடல்கள் அசையாமல் நிற்க வேண்டும். பழைய ஃபோர்டு பாணியில் தரையைத் துளைத்து வரும் பெடலானால் அது சேசிஸோடு கட்டுப்பட்டது, பிறகு நகர்த்துவது பெரும்பாடு.

கருவிகள் சாதாரணமானவை: ரசமட்டம், டிஜிட்டல் கோணமானி, தூக்குக்குண்டு, டேப், மாஸ்கிங் டேப், சி-கிளாம்ப் நான்கு, 12 மி.மீ. பிளைவுட் ஒரு தாள், 2 அங்குலத் தண்டுக்குப் பதிலாக நிற்க 50 மி.மீ. பி.வி.சி. குழாய், தச்சர் ஆப்பு வெட்டப் பயன்படுத்தும் மரத்துண்டுகள் கொஞ்சம். சீட்டுக்கு வாங்கப்போகும் அதே ஃபோமில் ஒரு துண்டும் வேண்டும். அதற்குப் பதில் வீட்டுச் சோபா மெத்தையை வைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை.

பெடல்

மூன்று விஷயம் போதும். பிரேக்கின் முகம் ஆக்சிலேட்டரின் முகத்தைவிட 1 முதல் 1.5 அங்குலம் உயர்ந்து இருக்கட்டும். பிரேக்கை முழுதாக மிதித்த நிலையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே மட்டத்துக்கு வர வேண்டும். இரண்டுக்கும் நடுவே பக்கவாட்டில் 2 முதல் 2.5 அங்குலம். கிளட்சுக்கு இடதுபுறம் கால் இளைப்பாற ஓர் இடம். மாடல் ஏ பாடியில் இந்தக் கடைசி வசதி கிடைப்பது அரிது. கிடைக்காவிட்டால் பாதத்தைக் கிளட்சுக்கு அடியில் நுழைக்க வழியாவது இருக்கட்டும்.

ஓட்டும்போது போடும் ஷூவோடுதான் எல்லாச் சோதனையும். தடித்த அடிப்பாகமுள்ள பூட்ஸ் ஓர் அங்குலத்தை விழுங்கும். அகலமும் அப்படியே: ஒடுங்கிய 1932 தரையில் பூட்ஸின் ஓரம் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஒருசேர மிதித்துவிடும்.

இடுப்பின் இடத்தைப் பிடிப்பது

வேலையின் பாதி இதுதான். வாகன வடிவமைப்பாளர்கள் சீட்டை அதன் விளிம்பால் அளப்பதில்லை. உட்கார்ந்தவரின் இடுப்பு மூட்டு எங்கே நிற்கிறது என்ற புள்ளியால்தான் அளப்பார்கள், அதை எச்-பாயின்ட் என்பார்கள். சீட்டின் உயரம், ஃபோமின் தடிமன், சாய்வு எல்லாம் அந்தப் புள்ளியை வைத்துத்தான் பொருள்படும்.

பிளைவுட்டில் இரண்டு பலகை வெட்டுங்கள்: 18 அங்குல அகலம், 18 அங்குல நீளத்தில் உட்காரும் பலகை, அதே அகலத்தில் 22 அங்குல உயர முதுகுப் பலகை. இரண்டையும் கீலால் இணையுங்கள். உட்காரும் பலகையை மரத்துண்டுகளின் மேல் வைத்து உயரத்தையும் கோணத்தையும் அரை அங்குலம் அரை அங்குலமாக மாற்றலாம். ஃபோம் துண்டைப் பலகை மேல் போடுங்கள். 4 அங்குல நல்ல அடர்த்தி ஃபோம் ஒரு ஆள் உட்கார்ந்ததும் 1 முதல் 1.5 அங்குலம் அமுங்கும். மலிவான ஃபோம் அதைப்போல் இரு மடங்கு அமுங்கி, ஓர் ஆண்டில் இன்னும் இறங்கும். பலகையை வெறும் ஃபோம் தடிமனுக்குக் கணக்குப் பண்ணி உயர்த்தினால் தலை கூரையிலிருந்து விலகி, கண் கண்ணாடிச் சட்டத்துக்குக் கீழே போய்விடும்.

தொடங்கும் அளவுகள்: உட்காரும் பலகை முன்பக்கம் 8 முதல் 12 டிகிரி தூக்கி, முதுகுப் பலகை செங்குத்திலிருந்து 15 முதல் 20 டிகிரி சாய்ந்து. சேனல் செய்த தாழ்ந்த காரில் முன்பக்கத் தூக்கல் இன்னும் கூட வேண்டும், ஏனென்றால் நீட்டிய கால் தொடையைத் தாங்காது. தொடைக்கு அடியில் ஆதாரம் இல்லாமல் வெறும் வாலெலும்பில் உட்கார்ந்தால் அரை மணி நேரம்கூடத் தாங்க முடியாது. முன்விளிம்பு தூக்கலாக இருக்கலாம், ஆனால் முழங்காலின் உள்மடிப்பைத் தொடக் கூடாது. இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் கிளட்ச் கால் மரத்துப்போகும்.

முன்-பின் இடத்தைக் கிளட்ச்தான் தீர்மானிக்கும். கிளட்சைத் தரையோடு தரையாக மிதித்து வைத்தபோது முழங்கால் இன்னும் லேசாக மடங்கியிருக்க வேண்டும், முதுகு பலகையிலிருந்து பிரியக் கூடாது. இடுப்பு ஒரு பக்கம் சரிந்தால் சீட் தூரம். அதே நிலையில் காலை மேலே எடுத்துக் கிளட்சின் முகத்தில் வைத்துப் பாருங்கள். முழங்கால் அங்கேதான் மிக உயரத்துக்கு வரும். அந்த உயரத்தைப் பக்கத்துக் கதவில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். வீலின் கீழ்விளிம்பை நிர்ணயிக்கப்போவது அந்தக் குறிதான்.

முதுகுச் சாய்வைத் தொட்டால் கை எட்டும் தூரமும் கூடவே மாறும். தோள் இடுப்புக்கு மேலே 18 அங்குலத்தில் இருக்கிறது என்றால், சாய்வை 15 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு மாற்றியதும் தோள் ஒன்றரை அங்குலம் பின்னால் போகும், அரை அங்குலம் கீழே இறங்கும். கூரை இடிக்கிறது என்று சீட்டைச் சாய்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இது: உயரத்தில் கிடைப்பது அரை அங்குலம், கைக்குப் போவது ஒன்றரை அங்குலம். கூரை இடித்தால் தரைத் தகட்டை இறக்குங்கள், அல்லது ஃபோமைக் குறையுங்கள். சாய்ப்பது கடைசி வழி.

தலைக்கும் கூரைத் துணிக்கும் இடையே குறைந்தது 2 அங்குலம் விடுங்கள். கூரை வெட்டிய கூப்பேயில் (இரு கதவுள்ள மூடிய காரில்) கண் மட்டம் முன்கண்ணாடியின் மேல் சட்டத்துக்கு 3 அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிக்னல் விளக்கைப் பார்க்கக் குனிய வேண்டிவரும்.

அளவு திருப்தியாக வந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். இருபது நிமிடம் அப்படியே உட்காருங்கள், பேசிக்கொண்டிருங்கள், கிளட்சை அவ்வப்போது மிதியுங்கள். உடம்பு எங்கே நகர விரும்புகிறதோ அங்கே பலகை தவறு.

விமானச் சீட் விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப் போர் முடிந்து உபரியாக வந்த அலுமினிய விமானச் சீட்டுகள் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் பந்தயக் கார்களில் ஏறின. பாம்பர் சீட் என்ற பாணி அங்கிருந்து வந்தது. அசல் போர்விமானச் சீட்டின் அடியில் ஆழமான குழி இருப்பது விமானி தன் பாராசூட் பொதியின் மேல் உட்காருவதற்காக. அந்தக் குழியை நிரப்பாமல் மெல்லிய மெத்தை போட்டால் இடுப்பு கீழே புதைந்து, சீட்டின் முன்விளிம்பு தொடையை வெட்டும். புதிதாகச் செய்து விற்கும் மாதிரிகளில் குழியின் ஆழம் ஆளுக்கொரு விதம். வாங்கும் முன் உள்ளே டேப் விட்டு அளந்துவிடுங்கள்.

இருவர் ஓட்டும் காரானால் உயரம் குறைந்தவரின் கிளட்ச் காலுக்கும் உயரமானவரின் தலைக்கும் இடையே சமரசம் தேவைப்படும். நடைமுறையில் எளிது: உயரமானவருக்குச் சீட்டை அமைத்து, 4, 5 அங்குலம் நகரும் ஸ்லைடர் போட்டு விடுவது. ஸ்லைடரே ஓர் அங்குலம் உயரம் எடுக்கும் என்பதைப் பலகை மட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பெஞ்ச் சீட்டில் ஸ்லைடர் வேண்டாம் என்றால் உயரம் குறைந்தவருக்கு முதுகு மெத்தை ஒன்றுதான் வழி.

வீல்: விட்டம், இடம், கோணம்

இப்போதுதான் வீல். 12 மி.மீ. பிளைவுட்டில் 15 அங்குல வட்டம் ஒன்றும் 16 அங்குல வட்டம் ஒன்றும் வெட்டி, நடுவில் துளைத்து பி.வி.சி. குழாயின் நுனியில் பொருத்துங்கள். வாங்கப்போகும் வீல் குழிந்த வகையா, தட்டையா என்பதைப் பார்த்து, அந்தக் குழிவின் ஆழத்தையும், வீலைத் தண்டோடு இணைக்கும் ஹப் அடாப்டரின் உயரத்தையும் குழாய் நுனியில் மரக்கட்டையாகச் சேருங்கள். அடாப்டர் சாதாரணமாக 2 அங்குலத்துக்குக் குறையாது; கழற்றி மாட்டும் குயிக்-ரிலீஸ் ஹப் போட்டால் அதற்கு மேல் இன்னும் ஓர் அங்குலத்துக்கு மேல் போகும். தண்டின் நீளம் தவறாக வருவதற்கு முதல் காரணம் இந்த அடாப்டரை மறப்பது.

விட்டத்தில் கணக்கு நேரடியானது. 17 அங்குலத்திலிருந்து 15 அங்குலத்துக்கு வந்தால் தொடைக்கு மேல் ஓர் அங்குலம் கிடைக்கும், கண் முன்னால் ஓர் அங்குலம் கிடைக்கும், ஆனால் திருப்பும் வலு 13 சதவீதம் கூடுதலாகப் போட வேண்டும். பவர் இல்லாத பாக்ஸும் அகன்ற முன்டயரும் உள்ள காரில் நின்ற இடத்தில் திருப்பும்போது அது கையில் தெரியும். 1940 ஃபோர்டு வீலின் தோற்றத்தில் 15 அங்குலத்தில் செய்யும் நகல்கள் இத்தனை பரவியிருப்பது அழகுக்காக மட்டும் அல்ல. தாழ்ந்த காரில் 17 அங்குல அசல் வீல் தொடையில் உட்காரும். 14 அங்குலத்துக்குக் கீழே போவது பந்தயக் காருக்குச் சரி, தெருவுக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

தூரத்தை மணிக்கட்டால் அளக்கலாம். தோள் இரண்டும் முதுகுப் பலகையில் பட்டிருக்க, கையை நேரே நீட்டி வீலின் உச்சியில் வையுங்கள். மணிக்கட்டு விளிம்பில் மடிய வேண்டும். உள்ளங்கை மட்டும் எட்டினால் வீல் தூரம். முன்கை விழுந்தால் கிட்டே. பிறகு ஒன்பது மணி, மூன்று மணி நிலையில் பிடித்துப் பாருங்கள்: முழங்கை 100 முதல் 120 டிகிரி மடங்கியிருந்தால் சரி. நெஞ்சுக்கும் வீல் நடுவுக்கும் 10 அங்குலத்துக்குக் குறையவே கூடாது, 12 இருந்தால் நல்லது.

கீழ்விளிம்பு முன்பு கதவில் ஒட்டிய முழங்கால் குறிக்கு ஒன்றரை முதல் 2 அங்குலம் மேலே வர வேண்டும். காலைக் கிளட்சிலிருந்து எடுப்பது, பிரேக்குக்கு மாற்றுவது, வெளியே இறங்குவது என்று மூன்றையும் செய்து பாருங்கள். கதவு இல்லாத மாடல் டி ரோட்ஸ்டரில் (கூரை இல்லாத காரில்) இறங்கும் சோதனைதான் முக்கியம். அங்கே குயிக்-ரிலீஸ் ஹப் போடுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது.

தண்டு கிடைமட்டத்திலிருந்து 25 முதல் 35 டிகிரி சரிந்து வந்தால் வீலின் முகம் நெஞ்சைப் பார்க்கும். பழைய ஃபோர்டுகளில் தண்டு இதைவிட நிமிர்ந்து வந்ததால் வீல் மேஜைபோலப் படுத்திருக்கும். நிமிர்ந்த சீட்டுக்கு அது பொருந்தியது, சாய்ந்த சீட்டில் வீலின் உச்சி கைக்கு எட்டாது. தரையில் ஊன்றிய 30 அங்குலத் தண்டை ஒரு டிகிரி தூக்கினால் வீல் அரை அங்குலம் ஏறும். 3 டிகிரிக்கு ஒன்றரை அங்குலம். இந்த விகிதத்தை மனதில் வைத்தால் டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள தாங்கியை எவ்வளவு இறக்குவது என்று துளை போடும் முன்பே சொல்லிவிடலாம்.

பக்கவாட்டில், வீலின் நடு சீட்டின் நடுவுக்கு நேராக நிற்க வேண்டும். சீட்டின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் கோடு போட்டு, அதைப் பெடல் வரை நீட்டுங்கள். கோடு கிளட்சுக்கும் பிரேக்குக்கும் நடுவே போக வேண்டும். ஒடுங்கிய பாடியில் அரை அங்குலம் விலகினால் பொறுக்கலாம். ஓர் அங்குலத்தைத் தாண்டினால் முதுகு முறுக்கும். தண்டு எஞ்சினைச் சுற்றிப் போக வேண்டும் என்பதற்காக அதை வாசலை நோக்கிக் கோணலாக்குவது மிக வழக்கமான தவறு. எஞ்சினைச் சுற்றும் வேலை யு-ஜாயின்டுடையது, அதாவது சுழற்சியைக் கோணம் மாற்றிக் கடத்தும் இணைப்புடையது. அதற்காக ஓட்டுபவர் முதுகைத் திருப்பக் கூடாது.

கண்ணையும் ஒருமுறை கேளுங்கள். வீலின் உச்சிக்கு மேலே கண்ணாடி வழியாக கௌலின் (முன்கண்ணாடிக்கு முன்னாலுள்ள பாடிப் பகுதியின்) விளிம்பு தெரிய வேண்டும். 1932 டேஷ்போர்டில் கேஜ்கள் நடுவிலுள்ள நீள்வட்டப் பலகையில் இருப்பதால் வீல் மறைக்கிறது என்ற கவலை குறைவு. ஓட்டுபவருக்கு நேரே கேஜ் வைக்கிறவர்கள் வீலின் மேல்பாதிக்குள் அது தெரிகிறதா என்று பார்க்கட்டும்.

தண்டை நிறுத்துவது

குழாய் தன் இடத்தில் கிளாம்பில் நிற்கிறது. வீலைத் தாங்கும் நுனியிலிருந்து கால்பலகையைத் துளைக்கும் இடம் வரை குழாயின் அச்சிலேயே அளந்து, அடாப்டர் உயரத்தைக் கழித்து, தரைக்கு வெளியே நீள வேண்டிய 2, 3 அங்குலத்தைக் கூட்டினால் வருவது தண்டின் நீளம். கடையில் 28, 30, 32 அங்குலம் என்று கிடைக்கும். இடைப்பட்ட அளவு வந்தால் குறைந்த நீளத்தை எடுங்கள். அடாப்டரால் அரை அங்குலம் கூட்ட முடியும், நீண்டதைக் குறைப்பது கடினம்.

தண்டுக்கு இரண்டு பிடி வேண்டும்: டேஷ்போர்டுக்கு அடியில் ஒன்று, தரையில் ஒன்று. டேஷ்போர்டு பிடியை வெறும் தகட்டில் மாட்டாதீர்கள். 1932 டேஷ்போர்டின் தகடு தனியாக நின்றால் கை வலுவில் அசையும். கௌலின் இரு பக்கத்தையும் இணைக்கும் ஓர் அங்குல விட்டக் குறுக்குக் குழாயை வெல்டு செய்து, அதில் மாட்டுங்கள். வீலைப் பிடித்து மேலும் கீழும் உலுக்கினால் அசைவே தெரியக் கூடாது.

மாடல் ஏ காரில் ஒரு கண்ணி இருக்கிறது. 1928–31 கார்களில் பெட்ரோல் டேங்க் கௌலோடு ஒன்றாக, ஓட்டுபவரின் முழங்காலுக்கு மேலே இருக்கிறது. தண்டின் பழைய பிடியும் அந்த டேங்கின் அடியில்தான் மாட்டப்பட்டிருக்கும். டேங்க் இருக்கும்வரை அங்கே வெல்டிங் டார்ச் போகக் கூடாது. காலி டேங்க்தானே என்று துணிய வேண்டாம், ஆவிதான் பற்றும். பலர் டேங்கைப் பின்னால் மாற்றிவிட்டு, கௌலின் மேல்தகட்டை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். இதில் முழங்காலுக்கு இடமும் சேர்ந்து கிடைக்கிறது.

யு-ஜாயின்டும் கீழ் ராடும்

பழைய ஃபோர்டில் தண்டு நேராகப் பாக்ஸில் போய் நிற்கும், நடுவே எதுவும் இல்லை. மோதலில் பாக்ஸ் பின்னால் வந்தால் அந்த ஒற்றை ராடு நெஞ்சுக்கு நேராக வரும். அமெரிக்காவில் ஆற்றலை உள்வாங்கி மடியும் தண்டு 1968 ஜனவரி 1 முதல் பயணிகள் கார்களில் கட்டாயமானது இதனால்தான். ஹாட் ராடில் நீங்களே முடிவெடுக்க வேண்டும்: குறைந்தது இரண்டு ஜாயின்டு போட்டு, மேல்தண்டும், அதிலிருந்து பாக்ஸுக்குப் போகும் கீழ் ராடும் ஒரே கோட்டில் வராமல் ஒரு முறிவு கொடுங்கள். முடிந்தால் உள்ளுக்குள் நழுவும் கீழ் ராடு வாங்குங்கள்.

ஒற்றை ஜாயின்டுக்கு மேல்வரம்பு 35 டிகிரி. 30 டிகிரிக்குள் வைத்தால் கை உணராது. இரண்டு ஜாயின்டிலும் கோணத்தை ஏறத்தாழ சமமாகப் பிரித்து, கீழ் ராடின் இரு நுனியிலும் உள்ள கவைகள் (ஜாயின்டின் இரு கிளைப் பிடிகள்) ஒரே திசையில் நிற்கும்படி மாட்டுங்கள். 30 டிகிரியில் ஒற்றை ஜாயின்டின் வெளிவேகம் ஒரு சுற்றில் இரண்டு முறை 0.87-க்கும் 1.15-க்கும் நடுவே ஏறி இறங்கும். கவைகள் நேராக இருந்தால் இரண்டாவது ஜாயின்டு அதை ரத்து செய்யும், 90 டிகிரி தவறினால் இரட்டிப்பாக்கும். வீல் ஒரு இடத்தில் இறுகி, கால் சுற்றுக்குப் பின் தளர்ந்தால் பாக்ஸைக் குறை சொல்லும் முன் கவைகளைப் பாருங்கள்.

மூன்றாவது ஜாயின்டு போட்டால் நடுவில் ஒரு தாங்கி கட்டாயம். 3/4 அங்குல ராடு-எண்ட் பேரிங்கைச் சேசிஸில் மாட்டினால் போதும். தாங்கி இல்லாமல் மூன்று ஜாயின்டு விட்டால் ராடு நடுவில் சுருண்டு துள்ளும்.

ஜாயின்டு வாங்கும் முன் இரு முனையையும் அளந்துவிடுங்கள். சந்தையில் கிடைக்கும் தண்டின் வெளிமுனை பெரும்பாலும் ஓர் அங்குல இரட்டை-டி வடிவம் (எதிரெதிராக இரு பக்கம் தட்டையாக்கிய உருளை) அல்லது ஓர் அங்குல 48 பல். கீழ் ராடு 3/4 அங்குல இரட்டை-டி. பாக்ஸின் பல் எண்ணிக்கை காருக்குக் கார் மாறும், விட்டத்தைக் காலிப்பரால் அளந்து பல்லை இருமுறை எண்ணுங்கள். ராடின் நுனி ஜாயின்டின் உள்வாயோடு மட்டமாக நிற்கட்டும். உள்ளே நீட்டினால் திருப்பும்போது ஜாயின்டின் நடுவிலுள்ள சிலுவைத் துண்டில் உரசும். செட் ஸ்க்ரூ இறங்கும் இடத்தில் ராடில் ஆழமில்லாத குழி போட்டு, லாக் நட்டும் திரெட் லாக்கும் சேர்த்து இறுக்குங்கள். இரட்டை-டி என்பதால் சுழலாது என்று குழியை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. சுழலாது, ஆனால் நீளவாக்கில் கழன்று வரும்.

ஹெடருக்கும் கீழ் ராடுக்கும் நடுவே ஓர் அங்குலமாவது விடுங்கள். ரப்பர் மவுன்ட்டில் நிற்கும் எஞ்சின் கியரில் விழும்போது சாயும், அந்தச் சாய்வையும் சேர்த்து. வீலை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை, கார் தரையில் நிற்கும்போது ஒருமுறையும் முன்பக்கம் தூக்கியிருக்கும்போது ஒருமுறையும் திருப்பிப் பாருங்கள்.

சீட்டைப் பூட்டுவது

மாடல் ஏ, 1932 கார்களின் தரையில் மரப்பலகைகள் உண்டு. மரத்தில் சீட்டைப் பூட்டாதீர்கள். சேசிஸில் அல்லது சேசிஸோடு இணைத்த சதுரக் குழாய்ச் சட்டத்தில் நான்கு புள்ளியில் 3/8 அங்குல போல்ட், தரைத் தகட்டின் அடியில் வலுவூட்டும் எதிர்த்தகடு. சர்வதேசப் பந்தய விதிகள் ஒவ்வொரு புள்ளிக்கும் 40 ச.செ.மீ. பரப்பும் எஃகுக்கு 3 மி.மீ. தடிமனும் கேட்கின்றன. தெருக்காருக்கும் அதையே பின்பற்றுவது நஷ்டமில்லை.

பெல்ட்டின் போல்ட் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. இடுப்புப் பெல்ட்டின் கோணம் கிடைமட்டத்திலிருந்து 30 முதல் 75 டிகிரிக்குள். சீட்டின் இடம் முடிவான பிறகுதான் இந்தத் துளை. சீட்டுக்கு முன்பே துளைத்த பெல்ட் வயிற்றின் மேல் ஏறி நிற்கும்.

உடம்பு சொல்லும் புகார்கள்

கழுத்துக்குக் கீழே, தோள்களுக்கு நடுவே கடுத்தால் வீல் தூரம், அல்லது முதுகு அதிகம் சாய்ந்திருக்கிறது. மணிக்கட்டு வலித்தால் வீல் அதிகம் படுத்திருக்கிறது. வலது கணுக்கால் மட்டும் வலித்தால் சீட்டைத் தொடாதீர்கள், ஆக்சிலேட்டரின் முகம் செங்குத்தாக நிற்கிறது. பெடலை 10 டிகிரி முன்னால் சாயுங்கள். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்னால் வழுக்கினால் உட்காரும் பலகையின் முன்பக்கம் தாழ்வு. ஒரு பக்க இடுப்பு மட்டும் வலித்தால் வீலோ பெடலோ நடுக்கோட்டை விட்டு விலகியிருக்கிறது. பாக்கெட்டிலிருக்கும் பர்ஸை எடுத்துவிட்டு ஒருமுறை பார்த்தபின் டேப்பைக் கையில் எடுங்கள்.

பெயின்டுக்கு முன்

பெயின்ட் அடிக்காத வெறும் தகட்டில், ஃபோம் துண்டின் மேல் உட்கார்ந்து பத்து நிமிடமாவது ஆலைவளாகத்திலோ காலி மைதானத்திலோ மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஆனால் சீட், தண்டுத் தாங்கி, கீழ் ராடு மூன்றின் வெல்டும் பூட்டும் அதற்கு முன் முழுமையாகியிருக்க வேண்டும். முடிக்காமல் விட்டுவைப்பது கௌல் குறுக்குக் குழாயின் அலங்கார மூடிகள், சீட் உறை போன்றவற்றை மட்டும். பிறகு அளவுகளை எழுதிவையுங்கள்: தரையிலிருந்து அமுங்கிய ஃபோமின் மேல்மட்டம், முதுகுக் கோணம், வீல் நடுவுக்கும் முதுகுப் பலகைக்கும் தூரம், தண்டின் கோணம்.

அந்தத் தாளின் ஒரு பிரதி அப்ஹோல்ஸ்டரி கடைக்கும் போக வேண்டும். தையல்காரர் அழகுக்காக ஓர் அங்குலம் கூடுதல் ஃபோமும், மேலே இன்னொரு மெல்லிய அடுக்கும் வைப்பார். முதுகில் ஒன்றரை அங்குலம் தடித்தால் மணிக்கட்டுச் சோதனை அங்கேயே தோற்றது. எந்த ஃபோம், எத்தனை அங்குலம், ஆள் உட்கார்ந்தபின் எவ்வளவு உயரம் என்று எழுதிக் கொடுங்கள், தைத்து முடிக்கும் முன் ஒருமுறை போய் உட்கார்ந்து டேப் வைத்துப் பாருங்கள்.